கைவிடாதவன்

ஆலங்கோட்டையை ஆண்ட கார்வேந்தனுக்கு முறை என்றால் உயிர். அவன் நாட்டில் தும்முவதற்கும் முறை உண்டு, இருமுவதற்கும் முறை உண்டு. சிறையில் இருப்பவர்களுக்குக் குறை இருந்தால் அதற்கும் முறை இருந்தது. குறையை ஓலையில் எழுத வேண்டும். சிறைத்தலைவன் வல்லகண்டன் அதில் முத்திரை வைத்து, தன் கையாலேயே சபைக்குக் கொண்டுவர வேண்டும்.

பதினொரு வருஷமாக ஒரு குறைகூட வரவில்லை. "பார்த்தீர்களா என் சிறையின் லட்சணத்தை!" என்று வந்த தூதர்களிடமெல்லாம் மன்னன் மீசையை முறுக்குவான். அட புத்திசாலியே, பாலுக்குப் பூனையைக் காவல் வைத்துவிட்டு, பால் வந்து பூனையிடமே புகார் கொடுக்கட்டும் என்றால் எங்கேயிருந்து வரும்?

மன்னன் பிறந்தநாளுக்குப் பெண்கள் சிறையில் சர்க்கரைப் பொங்கல் கொடுப்பது வழக்கம். அந்த வருஷம் கொண்டுபோனவள் அவைப்புலவர் சிற்றம்மை. நாக்கு நீளம் என்று பேர் எடுத்தவள். எல்லாரும் இலையை நீட்டினார்கள். பூதி என்பவள் மட்டும் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். அரசர் குளிக்கும் குளத்தில் துணி துவைத்தாளாம், அதற்கு ஒரு வருஷம் சிறை. இன்னும் ஆறு மாதம் பாக்கி.

சிற்றம்மை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"வல்லகண்டன் கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டேங்கிறான் அம்மா," என்றாள் பூதி, தரையைப் பார்த்தபடி. "அழுதாலும் விடமாட்டான். போடான்னாலும் விடமாட்டான். நான் ஒருத்தி மட்டும் இல்லை, ஏழு பேர் இருக்கோம். சொன்னா யாரு நம்புவா?"

"நான் நம்புறேன். உன் மேல ஒரு தப்பும் இல்லை. இப்ப என்ன செய்யணும், நீ சொல்லு."

பூதி யோசித்தாள். "ராஜா காதுக்குப் போகணும். ஆனா என்னைச் சபையில நிறுத்தி, நாலு பேர் முன்னாடி கேக்கக்கூடாது."

சிற்றம்மை நேரே மன்னனிடம் போய்ச் சொன்னாள்.

"அப்படியா? மிகவும் வருத்தம்," என்றான் மன்னன். "முறைப்படி எழுதி வல்லகண்டனிடம் கொடுக்கச் சொல்."

"குறையே அவன் மேல்தான் மன்னா."

"இருந்தால் என்ன? முறை முறைதான். அவன் முத்திரையோடு, அவன் கையால் வரட்டும். அன்றைக்கே விசாரிக்கிறேன். இது என் வாக்கு."

"முட்டாளுக்கு முடி எதற்கு" என்று நினைத்தாளே தவிர, சிற்றம்மை வெளியே சொல்லவில்லை. மறுநாள் காலை பூதியோடும் மற்ற ஆறு பேரோடும் கலந்துபேசி ஓர் ஓலை எழுதினாள். அதை எடுத்துக்கொண்டு வல்லகண்டனிடம் போனாள்.

"தலைவரே, உங்களைப் பற்றிச் சிறைப் பெண்கள் சொன்னதைப் பாட்டாக எழுதியிருக்கிறேன். சபையில் வாசிக்க வேண்டும்."

"என்னைப் பற்றியா?" வல்லகண்டன் வாயெல்லாம் பல்லானான். ஓலையைப் படித்தான், மறுபடியும் படித்தான். முத்திரையை ஒன்றுக்கு இரண்டாகக் குத்தினான். பட்டுத் துணியில் சுற்றி, தானே சபைக்குச் சுமந்து வந்தான். புகழ்ச்சி என்றால் சிலருக்குக் கண்ணும் தெரியாது, எழுத்தும் தெரியாது.

சபைக்கு வரும் ஓலைகளைப் படிக்கும் ஓலைநாயகம் எழுந்து வாசித்தார்:

"சிறைப்பட்ட பெண்களைக் கைவிடாதவன், அழுத போதும் கைவிடாதவன், போவென்ற போதும் கைவிடாதவன், எங்கள் வல்லகண்டன்."

ஆகா ஆகா என்றது சபை.

"இதெல்லாம் உண்மைதானா?" என்று கேட்டாள் சிற்றம்மை.

"ஒவ்வொரு சொல்லும் உண்மை," என்றான் வல்லகண்டன், நெஞ்சை நிமிர்த்தி.

"ஓலைநாயகமே, ஓலையில் சொல்லைப் பிரித்து எழுதும் வழக்கம் நமக்கு இல்லை. வாசிப்பவர்தான் பிரிக்க வேண்டும். 'கை' என்ற இடத்தில் கொஞ்சம் நிறுத்தி வாசியுங்கள்."

"சிறைப்பட்ட பெண்களைக்... கை... விடாதவன்," என்று தொடங்கினார் அவர். "அழுத போதும் கை... விடாதவன்." மூன்றாவது அடியை வாசிக்காமல் ஓலையைக் கீழே வைத்தார். ஆகா என்ற வாய்கள் திறந்தபடி நின்றன.

"இது புகழ்ப்பாட்டு!" என்று கத்தினான் வல்லகண்டன்.

"இது ஏழு பெண்களின் குறை," என்றாள் சிற்றம்மை. "உங்கள் முத்திரை, உங்கள் கை. மன்னா, முறைப்படி வந்துவிட்டது. உங்கள் வாக்கு?"

மன்னன் மாட்டிக்கொண்டான். வேறு வழியில்லாமல் விசாரணைக்கு உத்தரவிட்டான். எப்படி விசாரிப்பது என்பதை மட்டும் சிற்றம்மை அவனிடம் விடவில்லை. முதலில் வல்லகண்டன் இடுப்பிலிருந்து சாவிக்கொத்து இறங்கியது. பெண்களைச் சிறையிலிருந்து மருத்துவச்சியின் வீட்டுக்கு மாற்றினார்கள். ஒவ்வொருத்தியும் தனக்கு வேண்டியவளைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கதவைச் சாத்தி, விசாரிக்க வந்த பெண்களிடம் மட்டும் சொன்னாள். யாரையும் ஒரு தடவைக்கு மேல் சொல்ல வைக்கவில்லை. அழ நேரம் கொடுத்தார்கள், மருந்தும் கொடுத்தார்கள். ஏழு பேர் என்றது பத்தொன்பது ஆயிற்று. முன்பே விடுதலையாகிப் போனவர்களும் தேடி வந்து சொன்னார்கள். காவலர்கள் இரண்டு பேர் தாங்கள் கண்டதை ஒப்புக்கொண்டார்கள். வல்லகண்டன் பாதாளச் சிறைக்குப் போனான்.

பூதியின் மீதித் தண்டனை ரத்தானது. அவளை மன்னன் தன் தனி அறைக்கு அழைத்தான். சிற்றம்மையும் கூட இருந்தாள். முறையை மாற்றிய பெருமையில் மன்னனுக்கு மீசை மறுபடி முறுக்கேறியிருந்தது.

"இனிமேல் சிறையில் யாருக்குக் குறை என்றாலும் நேரே என்னிடமே கொடுக்கலாம். எப்படி என் நீதி?" என்று கடகடவென்று சிரித்தான். "வேறு ஏதாவது வேண்டுமா, கேள்."

பூதி முதல் தடவையாக நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"ஒரு குறை இருக்கு சாமி. முதல்ல காதுல விழுந்தப்பவே கேக்காத ஒருத்தர் மேல," என்றாள். "அதை யார்கிட்டக் கொடுக்கணும்?"