சடைச்சியின் நாற்பத்துமூணாவது ஓலை

ஏழு ஏரியைத் தாண்டி எட்டாவது ஏரிக்கரையிலே ஒரு ஊர், அந்த ஊருக்கு ஒரு ராஜா, அந்த ராஜாவுக்குக் காதைவிட மீசை பெரிசு. அதே ஊரிலே சடைச்சின்னு ஒருத்தி இருந்தாள். பஞ்ச காலம், புருஷன் போய்ச் சேர்ந்துட்டான், கண் தெரியாத மாமியாள் மூணு நாள் பட்டினி. சடைச்சி ராஜா தோட்டத்திலே ஒரே ஒரு பூசணிக்காயைப் பறிச்சுட்டாள். பிடிச்சாங்க. ஒரு வருஷம் ஏரிக்கரைக்கு மண் சுமக்கணும்னு தீர்ப்பு. ஒரு நாள் குறையாமல் சுமந்தாள். கடைசி நாள் கூடையைக் கவிழ்த்து வச்சுட்டு, "அப்பாடா, தீர்ந்தது"ன்னாள்.

தீர்ந்துச்சா? அதைத்தானே சொல்ல வர்றேன், கேளுங்க.

அரண்மனையிலே ஓலைநாயகம்னு ஒரு பெரிய மனுஷர். தண்டனை வாங்கினவங்க பேரையெல்லாம் ஓலையிலே எழுதி, எண் போட்டு, கயிற்றிலே கோத்து வைக்கிறது அவர் வேலை. பூச்சி அரிக்காமல் எண்ணெய் தடவுவார். பெற்ற பிள்ளை தலைக்குக்கூட அப்படித் தேய்ச்சிருக்க மாட்டார், மகாராசன்! யாராவது அரண்மனை வேலை கேட்டு வந்தால், கட்டை அவிழ்த்து, எண்ணைச் சொல்லிச் சொல்லிப் புரட்டி, சபை நடுவே படிப்பார்.

சடைச்சிக்கு ஒரே ஆசை, சத்திரத்து அடுப்படி வேலை. சமையற்காரிக்கு அங்கேயே ஒழுகாத ஓர் அறை உண்டு. மாமியாளோடு மாட்டுக்கொட்டகையிலே படுத்துக் கிடக்கிறவளுக்கு அது போதாதா? போய்க் கேட்டாள்.

"நாற்பத்தொண்ணு... நாற்பத்திரண்டு... நாற்பத்துமூணு. சடைச்சி, பூசணிக்காய் திருடி. போ, போ!"

"அதுக்குத்தான் மண் சுமந்துட்டேனே சாமி?"

"சுமந்தது உன் தலை. ஓலை அப்படியேதானே இருக்கு?"

ஏழு வருஷம் கழிச்சு மறுபடி போனாள். மறுபடி நாற்பத்தொண்ணு, நாற்பத்திரண்டு, நாற்பத்துமூணு. "இது எத்தனை நாளைக்குங்க?"ன்னு கேட்டாள்.

"ஓலை மக்குற வரைக்கும்."

"நீங்கதான் மக்க விடாமல் எண்ணெய் போடுறீங்களே!"

"அது என் கடமை." கடமையாம்! கேட்டுக்கோங்க.

பன்னிரண்டாவது வருஷம் சத்திரத்துச் சமையற்காரி செத்துப்போனாள். அதே வாரம் கொட்டகைக்காரன், "எனக்கு மாடு வருது, இடத்தைக் காலி பண்ணு"ன்னுட்டான். சடைச்சி மூணாவது தடவையா ஓடினாள். அங்கே இவளுக்கு முன்னாலே அதே வேலையைக் கேட்டு ஒருத்தன் நிற்கிறான். முகம் தெரியலை, பிடரி தெரிஞ்சது. அந்தப் பிடரியை அவள் மறப்பாளா? ஒரு வருஷம் அதைப் பார்த்துக்கிட்டுத்தானே மண் சுமந்தாள்! அவன் மொக்கையன். அரண்மனைப் பசுவை ஓட்டிக்கிட்டுப் போய் மாட்டினவன். ஓலைநாயகத்துக்கு மச்சான்.

"மகாராஜா, இவன் பேரிலே ஓலையே கிடையாது. பால் மாதிரி சுத்தமான மனுஷன்"ங்கிறார் ஓலைநாயகம்.

"ஆமா சாமி, அந்தப் பாலைத்தான் பசுவோட சேர்த்து ஓட்டிக்கிட்டுப் போனார்"ன்னாள் சடைச்சி.

ஓலைநாயகத்துக்கு மூக்கு சிவந்துபோச்சு. வெடுக்குனு கட்டை அவிழ்த்தார். "நாற்பத்தொண்ணு... நாற்பத்துமூணு. சடைச்சி, பூசணி..."

"நில்லுங்க. நாற்பத்திரண்டு எங்கே?"

ஓலைநாயகம் கட்டை முன்னும் பின்னுமாப் புரட்டினார்.

"அது... அது வந்து... செல்லுப்பூச்சி அரிச்சுப்போச்சு."

"மேலே இருக்கிறதைத் தொடலை, கீழே இருக்கிறதைத் தொடலை, நடுவிலே ஒண்ணை மட்டும் தின்னுச்சா? நல்ல செல்லுங்க அது! சொந்தபந்தம் பார்த்துத் தின்னுது. என் ஓலைக்கும் ஒரு நாள் அனுப்பி வச்சிருக்கக் கூடாதா?"

ராஜா மீசை குலுங்கச் சிரிச்சார். சிரிச்சுக்கிட்டே, "அவர் மடியைச் சோதிங்கடா"ன்னார். பொத்துனு விழுந்தது நாற்பத்திரண்டு. எரிச்சுட்டு வந்திருக்கலாம்தானே? மனசு வரலை. ஓலைன்னா அவருக்கு உயிராச்சே! திருடின ஓலைக்கும் புதுசா எண்ணெய் தடவியிருந்தார், பாவம்.

"இவருக்கு ஒரு வருஷம் மண் சுமை. பேரை ஓலையிலே ஏத்துங்க"ன்னார் ராஜா.

ஓலைநாயகம் தடால்னு காலிலே விழுந்தார். "மண் எத்தனை கூடை வேணாலும் சுமக்கிறேன் ராஜா, பேரை மட்டும் எழுத வேண்டாம்! என் பேரன் காலத்துக்கும் நிற்குமே!"

"இத்தனை வருஷம் இது தெரியாமலா இருந்தீர்?"ன்னு கேட்டுட்டு, ராஜா சடைச்சி பக்கம் திரும்பினார். "நீ சொல்லும்மா, என்ன செய்யலாம்?"

சடைச்சி அந்த மனுஷரை மேலும் கீழும் பார்த்தாள். நூறு வருஷம் நிற்கட்டும்னு சொல்ல நாக்கு துடிச்சது. அப்புறம் சொன்னாள்: "எழுதுங்க. சுமந்து முடிக்கிற அன்னைக்கு அதைச் சத்திரத்துக்கு அனுப்புங்க, அடுப்புப் பத்த வைக்க ஆகும். இவருக்கு மட்டும் இல்லை, சுமந்து இறக்கின எல்லாருக்கும் அதேதான்."

"அப்படியே ஆகட்டும், சத்திரத்து அடுப்பும் இனி உனக்குத்தான்"ன்னார் ராஜா. அன்னைக்கே வண்டி வண்டியா ஓலை வந்தது. சடைச்சி கையாலே மூணு நாள் சமையல் அந்த நெருப்பிலேதான். நாற்பத்துமூணு எரிஞ்சது. நாற்பத்திரண்டும் எரிஞ்சது, மொக்கையனும் சுமந்தவன்தானே. சத்திரத்து அறையிலே மாமியாள் சுவரைத் தடவித் தடவிப் பார்த்து, "ஈரமே இல்லையேடி"ன்னு சிரிச்சாள். ஏரிக்கரையிலே ஓலைநாயகம் மட்டும், இன்னும் எத்தனை நாள்னு விரலை மடக்கி எண்ணிக்கிட்டு நடந்தார்.

தண்டனை முடிஞ்சவளை முடியலைன்னு சொல்றவன் தலையிலே ஒரு கூடை மண்ணை வச்சுப் பாருங்க, எது எப்போ முடியணும்னு அவனே சொல்வான்.

சோறு வெந்தாச்சு, கதையும் இறக்கியாச்சு. இலையைப் போட்டு உட்காருங்க.