எதிரி பார்த்த இடம்

ஜெர்மனி ஒரே தேசமாக ஆவதற்கு முன்னால் அங்கே தடுக்கி விழுந்தால் ஒரு ராஜ்ஜியம். அதில் ஒன்று வைசன்டால். ராஜாவின் சமையலறையில் வெங்காயம் வதக்கினால் எல்லைக் காவலனுக்குப் பசி எடுக்கும், அவ்வளவுதான் அதன் பரப்பு. ஆனால் ஜம்பத்தில் யாருக்கும் இளைத்ததில்லை.

அந்த ஜம்பத்துக்கெல்லாம் சிகரம் அவர்களுடைய தகுதிச் சிலுவை. ராஜா கோட்ஃபிரீடின் தாத்தா ஒரு போரில் ஜெயித்துவிட்டு வந்து ஏற்படுத்திய விருது அது. வெள்ளை எனாமல் பூசிய எட்டு முனைச் சிலுவை, நடுவில் சிங்கம், மேலே கிரீடம், கறுப்புக் கரை போட்ட நீல நாடா. போரில் காயம்பட்டவருக்குச் சிலுவையின் குறுக்கே இரண்டு வாள்களும் உண்டு. மொத்தமே முப்பது சிலுவைகள். ஒருவர் கண்ணை மூடினால் வீட்டார் அதைக் கொண்டுவந்து அரண்மனையில் ஒப்படைக்க வேண்டும், அப்புறம்தான் அடுத்தவருக்கு. அதனால் அந்த முப்பது பேரில் ஒருவர் தும்மினால் போதும், சபையில் பாதிப் பேர் வெகு அக்கறையாக நலம் விசாரிக்கப் போவார்கள்.

ஒரு குளிர்காலத்தில் அப்படி ஒரு சிலுவை, வாள்களோடு, திரும்பி வந்தது. அது யாருக்கு என்பதில் ஊருக்குச் சந்தேகமே இல்லை. பீரங்கிப்படைத் தலைவர் யோஸ்ட், போன வருஷப் போரில் ஆற்றுப் பாலத்தைத் தனி ஆளாக நின்று காத்தவர். ஒரு காலை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்.

ஆனால் ராணிக்கு ஒரு தம்பி இருந்தார், எபர்ஹார்ட் பிரபு.

ராஜா தம்முடைய பதக்க மந்திரி கிளெமென்ஸைக் கூப்பிட்டார்.

"கிளெமென்ஸ், சிலுவை என் மைத்துனனுக்கு. ராணியிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன்."

"மகாராஜா, யோஸ்ட் இருக்கும்போது..."

"அவன் வீரன்தான், யார் இல்லை என்றது? அவனுடைய அக்கா என் வீட்டில் இல்லையே! இதோ பார், நான் வாக்குத் தவறக் கூடாது. தகுதியில்லாதவனுக்குக் கொடுத்தேன் என்று ஊர் பேசவும் கூடாது. ஒன்று தவறினாலும் நீ மந்திரி இல்லை."

கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை! கிளெமென்ஸுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. பதவியை நினைத்து மட்டுமல்ல, யோஸ்டை நினைத்தும்தான். ஆனாலும் "அப்படியே ஆகட்டும்" என்று வணங்கிவிட்டுப் போனார்.

மறுநாள் சபை கூடியது. எபர்ஹார்ட் பிரபு நெஞ்சை நிமிர்த்தி முன்னால் வந்தார். யோஸ்ட் கட்டைக்காலை ஊன்றிக் கடைசி வரிசையில் நின்றார்.

"பிரபுவே, வாள்களும் வேண்டும் அல்லவா?" என்று கிளெமென்ஸ் பணிவாகக் கேட்டார்.

"வாள் இல்லாமலா? ரத்தம் சிந்தியவன் ஐயா நான்! வேண்டுமானால் அரண்மனை வைத்தியரைக் கேளும்."

வைத்தியர் எழுந்தார். "உண்மைதான். குண்டை எடுத்தவனே நான்தான். பிரபு ஒரு மாதம் உட்காரவே இல்லை."

சபையில் திடீரென்று பலருக்கு இருமல் வந்தது.

"படைக்கு உத்தரவு போடத் திரும்பினேன், அப்போது பட்டது!" என்றார் பிரபு அவசரமாக.

"நான் ஒன்றும் சொல்லவில்லையே! காயம் என்றால் காயம்தான். சிலுவை பிரபுவுக்கே," என்றார் கிளெமென்ஸ்.

ராணியின் முகம் மலர்ந்தது. ராஜா நிம்மதியாக மூச்சு விட்டார். கிளெமென்ஸ் சிலுவையைக் கையில் எடுத்து, தாத்தா காலத்திலிருந்து சடங்காகக் கேட்டு வரும் கேள்வியைக் கேட்டார்.

"எதிரி உன் உடம்பில் எந்த இடத்தைப் பார்த்தான்? அங்கே இதை அணிந்துகொள்!"

இதற்கு முன் வாங்கியவர்கள் எல்லாரும் காட்டிய மாதிரியே பிரபுவும் மார்பைத் தொட்டுக் காட்டினார்.

கிளெமென்ஸ் வைத்தியர் பக்கம் திரும்பினார். "சுட்டவன் பார்த்த இடம் இதுதானா?"

"இல்லை ஐயா. பின்பக்கம். இன்னும் கொஞ்சம் கீழே."

கிளெமென்ஸ் பிரபுவைச் சுற்றிக்கொண்டு பின்னால் போய்க் குனிந்தார். "அங்கியைச் சற்றுத் தூக்கிப் பிடியுங்கள், பிரபுவே. அரச விருந்துகளில் இதைக் கழற்றக் கூடாது என்பது விதி. எட்டு முனையும் கூர்மை. உட்காரும்போது பார்த்து உட்காருங்கள்."

பிரபு துள்ளி விலகினார். "எனக்கு இந்தச் சிலுவையே வேண்டாம்!" என்று கத்திவிட்டு ஓட்டமும் நடையுமாக வாசலைப் பார்த்துப் போனார்.

"மகாராஜா, நீங்கள் வாக்குத் தவறவில்லை. கொடுத்தீர்கள், அவர்தான் வாங்கவில்லை," என்றார் கிளெமென்ஸ். "எதிரி பார்த்த இடத்தை இப்போது சபையும் பார்த்துக்கொண்டிருக்கிறது."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். ராணி விசிறியால் முகத்தை மறைத்துக்கொண்டாள். பாவம், விசிறியும் குலுங்கியது.

"பிழைத்தாய் கிளெமென்ஸ், உன் பதவி உனக்கே!" என்ற ராஜா, சிலுவையைத் தம் கையில் வாங்கிக்கொண்டார். "யோஸ்ட், முன்னால் வா. எதிரி உன் உடம்பில் எந்த இடத்தைப் பார்த்தான்?"

தன் முறை வரும் என்று யோஸ்ட் எதிர்பார்க்கவே இல்லை. கட்டைக்காலை ஊன்றி ஊன்றி முன்னால் வந்தார்.

"பாலம் குறுகல், மகாராஜா. அவனும் விலகவில்லை, நானும் விலகவில்லை. மூக்கோடு மூக்கு இடிக்கிற தூரம். என் முகத்தைத்தான் பார்த்தான்."

சொன்ன பிறகுதான் சிலுவையின் ஊசி அவர் கண்ணில் பட்டது. மனுஷர் அப்போதும் நகரவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முகத்தை நீட்டினார்.

ராஜா ஊசியும் கையுமாகத் திகைத்தார். "கிளெமென்ஸ், தாத்தா போட்ட விதியாயிற்றே! என்ன செய்ய?"

"மார்பிலேயே குத்துங்கள், மகாராஜா," என்றார் கிளெமென்ஸ். "பாலத்தில் விலகாத மனிதருக்காக விதி ஒரு சாண் விலகட்டும்."