மழை படாத வண்டி

பழைய கார் வியாபாரி நாகலிங்கத்துக்கு வயிறு பெரிசு, பேச்சு அதைவிடப் பெரிசு. சட்டை எப்போதும் தும்பைப்பூ வெள்ளை.

"மழைத்தண்ணியே படாத வண்டி சார்!" என்று ஏழு பேர் போகும் பெரிய வண்டி ஒன்றை, வாங்க வந்த தணிகாசலத்திடம் காட்டினார். கூட வந்த டிரைவர் எசக்கி உள்ளே முகர்ந்து பார்த்துவிட்டு, "வேண்டாம் சார்" என்றான்.

நாகலிங்கத்துக்குச் சுள்ளென்று ஏறியது. "பானட்டைத் திறக்காம, ஸ்டார்ட் பண்ணாம ஒரு குறை காட்டுடா. முடியலேன்னா, சார், இன்னிக்கே இவனை வேலையைவிட்டு நிறுத்தணும்."

தணிகாசலமும் வீம்புக்குத் தலையாட்டிவிட்டார்.

எசக்கி கும்பிட்டான். "சார் வீட்டம்மாவுக்கு வண்டியோட ஒரு போட்டோ மட்டும் அனுப்பிக்கிடுதேன் அண்ணாச்சி. நீங்களே டிரைவர் சீட்டுல கம்பீரமா உட்காருங்க. பெல்ட்டும் போட்டா எடுப்பா இருக்கும்."

அண்ணாச்சி பூரித்துப்போய் ஏறினார். அந்த வயிற்றைச் சுற்றிவர பெல்ட்டைக் கடைசி வரை இழுக்க வேண்டியிருந்தது. உள்ளே சுருண்டுகிடந்த பாதி, காய்ந்த சேற்றோடு வந்தது. தோளிலிருந்து இடுப்பு வரை வெள்ளைச் சட்டையில் பட்டையாகச் சேறு.

எசக்கி போனைத் தூக்கிப் பிடித்தான். "மழை படலைதான் அண்ணாச்சி. வெள்ளத்துல முழுசால்லா முங்கிக் கிடந்திருக்கு! கொஞ்சம் சிரிங்க."

சிரித்தது தணிகாசலம்தான். "வாடா எசக்கி, அடுத்த வண்டியை நீயே பாத்துச் சொல்லு."