திருடனை மட்டும் காட்டும் கேமரா

பண்ருட்டிப் பக்கம் ஒரு முந்திரி ஆலை. குடோனில் பருப்பு மூட்டை மூட்டையாகக் காணாமல் போகவே, கேமரா மாட்டும் கனகவல்லியை முதலாளியம்மா வரவழைத்தார். ஏணியும் ஒயர்ச் சுருளுமாக அவள் வந்து இறங்கியது மேனேஜர் தணிகாசலத்துக்குப் பிடிக்கவில்லை.

"யோக்கியமா உழைக்கிறவங்க மூஞ்சியை எதுக்கும்மா படம் பிடிக்கணும்? திருடன் மூஞ்சி மட்டும் தெரியுற கேமரா இருந்தா மாட்டு. இல்லைன்னா மூட்டையைக் கட்டு" என்றார், ஆலையே கேட்கும்படி. கொட்டை உடைக்கும் பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"அப்படியே மாட்டிடலாம் சார்" என்று கனகவல்லி ஏணியைச் சாய்த்தாள்.

குடோன் வாசலுக்கு மேலே கேமராவைத் திருகி மாட்டினாள். ஒயரைக் கூரைக்குள் விட்டாள். "சார் கேட்ட கேமராவை மாட்டியாச்சு" என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை, கனகவல்லி முதலாளியம்மாவின் அறையில் நின்று தன் செல்போனைப் பார்த்தாள். பிறகு தணிகாசலத்தைப் பார்த்தாள். மறுபடியும் செல்போனைப் பார்த்தாள். அவ்வளவுதான், அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"அம்மா, ராத்திரி அந்த ரெண்டு மூட்டையை வண்டியில ஏத்தினது நான்தான். சாம்பிள் காட்டத்தான் எடுத்தேன். கேமராவுல பார்த்துட்டுத் தப்பா நினைச்சுடாதீங்க."

"எங்கே, காட்டு" என்று முதலாளியம்மா கனகவல்லியிடம் கை நீட்டினார்.

கனகவல்லி இருவரையும் குடோனுக்கு அழைத்துப்போய், கூரைக்குள்ளிருந்து ஒயரை இழுத்தாள். முனை மொட்டையாக வந்து விழுந்தது.

"இதுக்கு இன்னும் கனெக்‌ஷனே கொடுக்கலைம்மா."

பிறகு தணிகாசலத்திடம் திரும்பினாள்.

"நீங்க கேட்ட கேமராதான் சார். நல்லவங்க ஒருத்தர் மூஞ்சியும் தெரியலை பாருங்க."