சத்திரத்து ஜன்னலில் கட்டிய வாழைத்தார்

வீட்டுக்கு வந்த விருந்தாளி உங்கள் ஜன்னலில் வாழைத்தாரைக் கட்டித் தொங்கவிட்டால் என்ன செய்வீர்கள்? பல்லைக் கடித்துக்கொண்டு, “அடடா, அழகாயிருக்கே”ன்னுதானே சொல்வீர்கள்? பூவாற்றூர் அரண்மனைச் சத்திரத்து மணியக்காரர் பொன்னுரங்கமும் அப்படித்தான் சொன்னார். வந்தது வினை.

தேர்த்திருவிழாவுக்கு வந்த வெளிதேசத்து வியாபாரிகள் அந்தச் சத்திரத்தில்தான் தங்கியிருந்தார்கள். வாழைத்தாரைக் கட்டியவர் மிளகு வியாபாரி. அதைப் பார்த்த பட்டு வியாபாரி, “நான் மட்டும் இளைச்சவனா?” என்று தன் ஜன்னல் நிறையச் சாமந்திச் சரமாக விட்டார். முத்து வியாபாரி கண்ணாடிச் சில்லுகளைக் கோத்துத் தொங்கவிட்டார்.

வாழைத்தாருக்குக் குரங்கு வந்தது. சாமந்திக்குத் தேனீ வந்து, சமையற்காரர் மூக்கைக் கொழுக்கட்டை ஆக்கியது. கண்ணாடியில் பட்ட வெயிலோ, தெருவில் வந்த பட்டத்து யானையின் கண்ணில் பளீரென்று அடித்தது. யானை மிரண்டு திரும்பிய வேகத்தில், மேலே இருந்த ராஜா மருதவேலரின் தலைப்பாகை தயிர்க்காரியின் பானைக்குள் போய் விழுந்தது.

ராஜா பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டார்.

“பொழுது சாயறதுக்குள்ளே ஜன்னலெல்லாம் பழையபடி ஆகணும். ஆனா, ‘அவிழ்த்துடுங்க’ன்னு விருந்தாளிகிட்டே ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. நம்ம ஆள் யாரும் அதைத் தொடவும் கூடாது. வந்தவங்க மனசு கோணினா நாட்டுக்கே அவமானம். முடியலேன்னா, குடும்பத்தோட சத்திரத்தைக் காலி பண்ணு!”

பொன்னுரங்கம் குடியிருந்ததே சத்திரத்துப் பின்கட்டில்தான். மனைவி வேறு நிறைமாதக்காரி. மனுஷர் அழாத குறையாக அம்பலவாணரிடம் ஓடினார். ராஜசபையில் எந்தச் சிக்கலையும் சிரித்துக்கொண்டே அவிழ்க்கிறவர் இந்த அம்பலவாணர்.

“சாமி, சொல்லவும் கூடாதாம், தொடவும் கூடாதாம். நான் ஊதியா கீழே தள்ளுவேன்?”

“ஊதவெல்லாம் வேண்டாம், பொன்னுரங்கம். தண்டோராக்காரனைக் கூப்பிடும்.”

பூவாற்றூரில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டில் வாழையும் பூவும் கட்டிவிட்டால், அதுவே ஊருக்கு அழைப்பு. வெற்றிலை பாக்கு வைத்துத் தனியாகக் கூப்பிடுவதில்லை. பார்த்தவர்கள் போய்ப் பந்தியில் உட்கார வேண்டியதுதான்.

டம டம டம!

“சகல ஜனங்களும் கேளுங்க! சத்திரத்து ஜன்னல்லே வாழை தொங்குது, பூவும் தொங்குது! போய்ப் பார்த்துக்குங்க!”

அவ்வளவுதான். ஊர் திரண்டது. மிளகு வியாபாரியின் அறைக்கதவை மஞ்சள் குங்குமத் தட்டோடு ஓர் அம்மாள் தட்டினாள்.

“ஏங்க, பொண்ணுக்குச் சடங்கா, புள்ளைக்குக் காதுகுத்தா?”

“எனக்குப் பொண்ணும் இல்லே, புள்ளையும் இல்லேம்மா!”

“அப்போ கல்யாணம் உங்களுக்குத்தானா! இந்த வயசுலேயா? போகட்டும், பொண்ணு எங்கே?”

“அதெல்லாம் அப்புறம் விசாரிக்கலாம்” என்று பின்னாலிருந்து ஒரு குரல். “இலை எப்போ போடுவீங்க?”

“ஐயோ, இது சும்மா அழகுக்குக் கட்டினது!”

“அழகுக்கு யாராவது வாழை கட்டுவாங்களா? சோறு போட மனசில்லேன்னு சொல்லுங்க!”

அடுத்த அறையில் பந்தியே உட்கார்ந்துவிட்டது. பட்டு மூட்டைகள்தான் மணை. “மொத்த மூட்டையும் கசங்குதே!” என்று அலறிக்கொண்டு, பட்டு வியாபாரி தானே ஜன்னலில் ஏறினார். சாமந்தியைப் பிடுங்கி எறிந்தார். மிளகு வியாபாரி வாழைத்தாரை இறக்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினார். முத்து வியாபாரி தன் கதவு தட்டப்படும் முன்பே கண்ணாடிகளை மூட்டை கட்டிவிட்டார்.

பொழுது சாய ராஜா வந்து பார்த்தார். ஜன்னல்கள் மொட்டையாக நின்றன.

“பலே, அம்பலவாணரே! சொல்லவும் இல்லை, தொடவும் இல்லை! என்ன பரிசு வேண்டும்?”

“பொன்னுரங்கம் குடும்பம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், மகாராஜா.”

“இருக்கட்டும். அது சரி, ஜனங்கள் எல்லாரும் அரண்மனைப் பக்கம் ஓடுகிறார்களே, ஏன்?”

“இங்கே இலை விழவில்லை. ஊருக்கோ நல்ல பசி. திருவிழாவுக்கு வாழை கட்டியிருக்கிற பெரிய வாசல் உங்கள் வாசல்தானே!”

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அடுப்பை மூட்டுங்கள், ஊருக்கே பந்தி!” என்று கட்டளையிட்டார். “உமக்கென்று ஒன்றும் கேட்கவில்லையே, அம்பலவாணரே?”

அம்பலவாணர் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பணிவாகக் குனிந்தார்.

“எங்க வீட்டுக்காரியும் பந்திக்கு வர்றா, மகாராஜா. பாயசத்திலே முந்திரியைக் கொஞ்சம் தாராளமா அள்ளிப் போடச் சொல்லுங்க.”