கஞ்சிரா பிடித்த கையில் ஒரு கடிகாரம்

தில்லைநாயகி மிருதங்கம் வாசிப்பவர். வயது முப்பத்திரண்டு. அவரிடம் கஞ்சிரா படித்தவர் சௌந்தரபாண்டியன். அவருக்கு வயது ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதனால் குரு சிஷ்யரை "சார்" என்பார், சிஷ்யர் குருவை "டீச்சர்" என்பார். கேட்பவர்களுக்கு யார் யாரிடம் படிக்கிறார் என்று குழப்பம் வரும். அவர்கள் இருவருக்கும் வந்ததில்லை.

சௌந்தரபாண்டியனுக்கு ஒரு நூற்பாலையில் கொள்முதல் அதிகாரி வேலை. சாக்குத் தைக்கிற ஊசி வாங்கினாலும் வலது கை விரல்களில் நிறை, இடது கை விரல்களில் குறை என்று எண்ணிப் பார்க்காமல் வாங்கமாட்டார். அப்படிப்பட்ட நிதானஸ்தர்தான், கஞ்சிராவை எடுத்துவிட்டால் ஓடுவார். உற்சாகம் ஏற ஏறக் காலப்பிரமாணம், அதாவது தாளத்தின் வேகம், கையை விட்டுப் போய்விடும்.

அன்று நவராத்திரி. திருநெல்வேலியில் ஓர் அம்மன் கோயில் மண்டபத்தில் அவருக்கு முதல் மேடை. காலை ஒத்திகையில், தாளவாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற தனி ஆவர்த்தனத்தில், மிருதங்கம் வாசித்துக் கஞ்சிராவுக்கு விட்டதும் அவர் ஓடினார். பாடகர் நெல்லையப்பன் தாளத்தைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே துரத்தினார். பிடிக்க முடியவில்லை.

"சாயங்காலமும் இப்படின்னா தனியில கஞ்சிரா வேண்டாம்மா," என்றார் டீச்சரிடம். "மிருதங்கம் மட்டும் போதும். சார் பக்கத்துல உக்காந்து தலையாட்டட்டும்."

மில்லிலிருந்து பாதிப்பேர் கச்சேரிக்கு வருவதாக இருந்தார்கள்.

மாலை, மண்டபத்துக்குப் பின்னால் இருந்த அறைக்குள் சௌந்தரபாண்டியன் துள்ளிக்கொண்டு வந்தார்.

"டீச்சர், தீர்ந்தது கவலை! இனிமே நான் ஓடமாட்டேன்."

இடது கையை நீட்டினார். சோப்புக்கட்டி மாதிரி கனமாக ஒரு கடிகாரம். போனோடு பேசுகிற கடிகாரங்கள் அப்போதுதான் வர ஆரம்பித்திருந்தன. அந்த ஊரில் அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை.

"என் மச்சான் நேத்து சிங்கப்பூர்லேர்ந்து கொண்டு வந்தான். தாளம் சொல்லிவிட்டா மணிக்கட்டுல தட்டிக்கிட்டே இருக்கு. மத்தியானம்தான் கண்டுபிடிச்சேன். மேடைக்குக் கட்டிக்கிட்டு வரட்டுமா?"

"நிறை குறை பாத்தீங்களா சார்?"

"பாக்காம இருப்பேனா?" வலது கை விரல்கள் மடங்கத் தொடங்கின. "தாளம் தட்டுது. போனை எடுக்காமலே யார் கூப்பிடறாங்கன்னு காட்டுது. கையைத் தூக்கினாத் தானா வெளிச்சம் வருது. பாருங்க, பாருங்க!"

மூன்று முறை கையைத் தூக்கிக் காட்டினார். மூன்று முறையும் டீச்சர் பார்த்தார்.

"குறை?"

"போன் பக்கத்துல இல்லேன்னா வெறும் கறுப்புக் கல்லு. தண்ணி ஆகாது."

டீச்சர் கஞ்சிராவைப் பார்த்தார். தோலில் தண்ணீர் தடவாமல் கஞ்சிராவுக்குச் சுருதி இறங்காது.

"கையை அந்தப் பக்கம் நீட்டிக்கிட்டுத் தடவிக்கிறேன் டீச்சர். அதைக்கூட விடுங்க. தமிழ் தெரியல. 'அம்மாவைக் கூப்பிடு'ன்னேன். அம்மன் டிரேடர்ஸ் மேனேஜர் எடுத்து, 'சரக்கு கெளம்பிருச்சு சார்'ங்கறார்."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார்.

"பெரிய குறை என்னன்னா, பொய் சொல்லுது. நடந்தா நடைன்னு எழுதும், ஓடினா ஓட்டம்னு எழுதும். காலையில ஒத்திகையில இதைக் கட்டிக்கிட்டு இந்தப் பாய் மேலதானே உக்காந்திருந்தேன்? நடந்தேன்னு எழுதியிருக்கு. உக்காந்த இடத்துலயே பாபநாசம் போயிட்டு வந்திருக்கேன்."

"நடைன்னு மட்டுமா?"

"கடைசியில ஓட்டம்னு வேற போட்டிருக்கு டீச்சர்! அநியாயம்!"

"எந்த நேரத்துல?"

போனை எடுத்துப் பார்த்துச் சொன்னார். டீச்சர் கொஞ்சம் யோசித்தார்.

"அது நான் உங்க கஞ்சிராவுக்கு விட்ட நேரம் சார்."

சௌந்தரபாண்டியன் போனைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். மடக்கியிருந்த இடது கை விரல் ஒன்று மெல்ல நிமிர்ந்தது. வலது கையில் ஒன்று மடங்கியது. அப்புறம் அவருக்கே சிரிப்பு வந்து தொடையில் தட்டிக்கொண்டார்.

"அட, கழுதை! நெல்லையப்பன் அண்ணாச்சி சொன்னதையே சொல்லுதே!"

"வேற குறை உண்டா?"

"ஒண்ணு. நாடி பாக்கும்னு சொன்னான் மச்சான். எனக்கு மட்டும் பாக்கமாட்டேங்குது. அடிக்கடி, 'அசையாதீங்க, பேசாதீங்க'ன்னு இங்கிலீஷ்ல எழுத்து வருது. என்னைக் கண்டா அதுக்குப் பிடிக்கலை."

"இப்பப் பாருங்க."

அவர் பொத்தானை அழுத்தினார். "இதோ பாருங்க டீச்சர், இந்த அடியில பச்சையா ஒரு விளக்கு..."

அசையாதீங்க, பேசாதீங்க.

"பாத்தீங்களா? இதைத்தான்..."

அசையாதீங்க, பேசாதீங்க.

டீச்சர் விரலை உதட்டில் வைத்தார். வெளியே மைக் பார்க்கிறவர் "ஹலோ, ஹலோ" என்று அம்மனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரோ சுண்டல் வாளியைக் கீழே வைத்த சத்தம். சௌந்தரபாண்டியன் கண்ணைக்கூட அசைக்கவில்லை.

எண் வந்தது.

"டீச்சர்! நூத்தி இருபத்தாறு! உக்காந்த இடத்துலயா?"

"இன்னொரு தடவை."

மறுபடி அசையாமல் உட்கார்ந்தார். எண் இறங்கியிருந்தது. அதில் ஒரு சந்தோஷம்; சத்தம் போடாமல் வாயை மட்டும் பிளந்தார். மறுபடி அவராகவே அழுத்தினார். இன்னும் இறங்கியிருந்தது. திருவிழாவில் ராட்டினத்துக்கு மறுபடி மறுபடி சீட்டு வாங்குகிறவர் மாதிரி, விடாமல் உட்கார்ந்திருந்தார்.

டீச்சர் மிருதங்கத்தின் இடது பக்கத் தோலில் ரவைப் பசையை ஒட்டிக்கொண்டே சொன்னார்:

"வாசிக்கறதுக்கு முன்னாடி கொஞ்சம் சும்மா இருங்க சார்னு நான் எப்பவும் சொல்றதுண்டு."

"ஆமா டீச்சர்."

"அப்ப என்ன பண்ணுவீங்க?"

"சரின்னு சொல்லிட்டு, வாய்க்குள்ள ஜதி சொல்லிட்டே இருப்பேன்."

டீச்சர் கண்ணாலேயே கடிகாரத்தைக் காட்டினார்.

நெல்லையப்பன் வாசலில் வந்து நின்றார். "கிளம்பலாமா?"

"டீச்சர், கேட்டதுக்குப் பதில் சொல்லலையே. கட்டிக்கிட்டு வரட்டுமா?"

"கட்டிக்குங்க. தட்டறதை மட்டும் நிறுத்திடுங்க."

"அதுதானே டீச்சர் முதல் நிறை?"

"மேடையில தட்ட நான் இருக்கேன்."

கச்சேரி நடந்தது. தனி ஆவர்த்தனம் வந்தது. டீச்சர் ஒரு சுற்று வாசித்து நெல்லையப்பனின் முகத்தைப் பார்த்தார். அவர் பிடிகொடுக்காமல் தாளத்தைப் போட்டுக்கொண்டிருந்தார். டீச்சர் கஞ்சிராவுக்கு விட்டார்.

கஞ்சிரா ஒலிக்கவில்லை.

முன்வரிசையில் மில் ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நெல்லையப்பனின் புருவம் உயர்ந்தது. சௌந்தரபாண்டியன் கஞ்சிராவை நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி, அசையாமல், பேசாமல், ஓர் ஆவர்த்தனம், ஒரு தாளச் சுற்று, முழுக்கச் சும்மா இருந்தார். நெல்லையப்பனின் கை தொடையில் விழுகிற சத்தம் மட்டும் மண்டபத்தில் கேட்டது.

அடுத்த சுற்று தொடங்குகிற சமத்தில் கஞ்சிரா பேசியது. மிருதங்கம் பதில் சொன்னது. அது நாலு சொன்னால் இது நாலு, அது இரண்டு சொன்னால் இது இரண்டு. கூட்டம் சூடாகியது. யாரோ "சபாஷ் சார்!" என்று கத்தினார்கள். கை ஓடவில்லை. தனியை முடித்துவைக்கும் கோர்வையை இருவரும் சேர்ந்து வாசித்து முடித்தபோது, நெல்லையப்பன் எதையும் துரத்தாமல் இருந்த இடத்திலிருந்தே பாட்டை எடுத்தார்.

கச்சேரி முடிந்ததும் நெல்லையப்பன் நேராக அறைக்கு வந்தார்.

"ஏ சார், காலையில வந்தவரும் நீரும் ஒரே ஆளுதானா? என்ன மாயம்வே அது?"

சௌந்தரபாண்டியனால் உட்கார முடியவில்லை. வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி நின்றார். "அண்ணாச்சி, இந்த வாட்ச்!"

"தாளம் போடுதா?"

"இல்ல, அதை நிறுத்திட்டோம்."

"பின்னே அது என்னத்துக்குவே?"

சௌந்தரபாண்டியன் வலது கையைப் பார்த்தார், இடது கையைப் பார்த்தார். எந்த விரலை மடக்குவது என்று தெரியவில்லை.

"எனக்கும் ஒண்ணு சொல்லி விடும்," என்றார் நெல்லையப்பன். "மேல்ஸ்தாயிக்குப் போறப்ப எனக்கும் நெஞ்சு படபடங்குது. வாங்கலாமா, வேண்டாமா?"

சௌந்தரபாண்டியன் குருவின் பக்கம் திரும்பினார். "என்ன சொல்லட்டும் டீச்சர்?"

டீச்சர் மிருதங்கத்துக்கு உறையை மாட்டிக்கொண்டிருந்தார். நிமிராமலே கேட்டார்:

"சார் வாட்ச் சொன்னாத்தான் கேக்கிறார். அண்ணாச்சி, நீங்க யார் சொன்னாக் கேப்பீங்க?"