மேனேஜரின் பிரம்பு நாற்காலி

ஒரு நூல் மில்லில் மாசிலாமணி என்று ஒரு மேனேஜர். கண்ணால் பார்க்காத எதையும் நம்பமாட்டார். பாரம் தூக்கியபோது மில் தொழிலாளி ராக்கம்மாளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. கடைசி முதுகெலும்பை இடுப்பெலும்போடு கட்டியிருக்கும் தசைநார் பிய்ந்திருக்கிறது, மூன்று வாரம் படுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். லீவு கேட்டு வந்தவன் அவள் புருஷன் சுடலைமுத்து. கண் தெரியாதவன், அந்த ஆபீஸ் நாற்காலிகளுக்குப் பிரம்பு பின்னுகிறவன்.

மேனேஜர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "எலும்பு ஒண்ணுகூட முறியலை. நாளைக்கு அவ வேலைக்கு வரணும். இல்லேன்னா வரவே வேண்டாம்."

"சரிங்க சார். பின்னக் கொடுத்த உங்க நாற்காலியையும் நாளைக்கே கொண்டாந்துடறேன்."

மறுநாள் நாற்காலி வந்தது. அதன்மேல் வழக்கம்போல வெள்ளைத் துண்டு. மேனேஜர் உட்கார்ந்தார், முழங்கால் மோவாயைத் தொடும்வரை உள்ளே போனார். ஆபீஸே எழுந்து நின்றது.

"கட்டை ஒண்ணுகூட முறியலைங்க சார், தடவிப் பாத்துட்டேன்" என்றான் சுடலைமுத்து. "கட்டியிருக்கிற பிரம்புதான் பிஞ்சிருக்கு. கட்டை முறியாம இருந்தா போதும்னு நினைச்சேன்."

பிறகு, தினமும் காலையில் ராக்கம்மாளைத் தூக்குவதுபோலவே அவர் முதுகுக்குக் கீழே கையைக் கொடுத்தான். "மூச்சை விடுங்க சார். மெதுவா, அவசரமில்லை."

நிமிர்ந்து நின்ற மேனேஜர் டாக்டர் எழுதிய சீட்டை எடுத்தார். அப்புறம் பேனாவைத் திறந்தார்.

"சரியாறதுக்கு எத்தனை நாள் ஆகும்?"

"நாற்காலிக்கு ரெண்டு நாள் போதுங்க சார். அவளுக்குத்தான் மூணு வாரம்."